எபிரெய வேதத்தின் சொல்லும் எண்ணும்: எந்த வழியை நம்பிப் பொருள் தேடலாம்?

பழைய ஏற்பாட்டைத் தமிழில் பலமுறை வாசித்துப் பழகிய ஒருவர், அதன் எபிரெய மூலத்தில் ஒரு சொல் என்ன பொருளில் நிற்கிறது, ஓர் எண் எதற்காகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கியதும், அவருக்கு முன்னால் பல வழிகள் தென்படுகின்றன. ஸ்ட்ராங் எண்ணைப் பிடித்துக்கொண்டு வேர்ச்சொல்லுக்குப் போகலாம். எபிரெய எழுத்துகளின் தொன்மையான பட வடிவங்களிலிருந்து சொல்லின் பொருளைக் கட்டலாம். எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டிப் பார்க்கும் கெமத்ரியா முறையைக் கைக்கொள்ளலாம். ‘ஏழு என்றால் நிறைவு, நாற்பது என்றால் சோதனை’ என்று ஆயத்தமாகக் கிடைக்கும் பட்டியலை நம்பலாம். அல்லது நல்ல அகராதி, ஒத்தவாக்கியங்கள், பகுதியின் முன்பின் சூழல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மெதுவாக வாசிக்கலாம். வேதபாட வகுப்பு நடத்துகிறவருக்கும் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்கிறவருக்கும் வாரத்தில் கிடைப்பது சில மணி நேரமே என்பதால், இவற்றுள் எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதைத் தீர்மானித்தே ஆகவேண்டும்.

இவ்வழிகளை எடைபோட நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். வாசகர் ஒரு பொருளை ஊகித்து முன்வைக்கும்போது, அது தவறாக இருந்தால் ‘அப்படியில்லை’ என்று மறுப்பதற்கு வேதப்பகுதிக்கு அந்த வழியில் இடம் இருக்கிறதா? இடம் இருந்தால் அந்த வழியில் நாம் எதையாவது கற்றுக்கொள்ள முடியும். இடம் இல்லாவிட்டால், எத்தனை பக்தியோடு செய்தாலும், நாம் கொண்டுபோனதையே திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறோம். வேகமும் எளிமையும் கேட்பவரைக் கவரும் ஆற்றலும் இதற்குப் பிந்தியவை.

பெரும்பாலோர் தொடங்கும் இடம் ஸ்ட்ராங் எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதி, கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தின் சொற்களுக்குப் பின்னால் நிற்கும் எபிரெய, அரமேயச் சொற்களை அகரவரிசைப்படுத்தி 1 முதல் 8,674 வரை எண்ணிட்டுத் தந்தது. எபிரெய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவரும் எந்த வசனத்தில் எந்த மூலச்சொல் நிற்கிறது என்பதையும், அதே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்பதையும் இதைக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒரு பயனுக்காகவே இந்த உழைப்பு போற்றத்தக்கது. இன்று கைபேசிச் செயலிகளிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பின்னிணைப்பாக வரும் சிறு அகராதியை முழுமையான பொருளகராதியாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

5315-ஆம் எண்ணைத் திறந்து பாருங்கள். அது ‘நெஃபெஷ்’ என்னும் சொல்; தமிழ் வேதாகமத்தில் பெரும்பாலும் ஆத்துமா என்று வருவது. அந்தப் பதிவின் கடைசியில் ஒரு சிறு கோட்டுக்குப் பிறகு ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அதில் ஆத்துமா, உயிர், ஆள், விருப்பம், மனம் என்பவற்றின் நடுவே ‘மீன்’ என்றும் ஒரு சொல் காணப்படும். நெஃபெஷுக்கு மீன் என்று ஒருபோதும் பொருள் இருந்ததில்லை. ஏசாயா 19:10-இல் உள்ள ஒரு கடினமான தொடரைக் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் மீன் வளர்க்கும் குளங்கள் என்று பெயர்த்தார்கள். ஸ்ட்ராங் அதை அப்படியே பதிந்துவைத்தார். ஆக, அந்தப் பட்டியல் காட்டுவது ஒரே ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் எப்படியெல்லாம் பெயர்க்கப்பட்டது என்பதைத்தான். அதிலிருந்து தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்து ‘மூலத்தில் இதற்கு இந்தப் பொருளும் உண்டு’ என்று மேடையில் சொல்வதற்கு அது உருவாக்கப்படவில்லை.

மறுபக்கத்தில், அங்கே இருக்கவேண்டிய ஒரு பொருள் இல்லை. ஏசாயா 5:14-இல் பாதாளம் தன் நெஃபெஷை விரிவாக்கி வாயைத் திறக்கிறது. எபிரெயத்துக்கு உறவான பழைய மொழிகளுள் அக்காடியத்தின் ‘நபிஷ்து’ என்ற இணைச்சொல்லும் உகரித்தியத்தின் வழக்கும் தொண்டை என்ற பொருளைக் காட்டுவதால், புதிய அகராதிகள் அதை நெஃபெஷின் அடிப்படைப் பொருள்களுள் ஒன்றாக வைக்கின்றன. சங்கீதம் 69:1-இல் ‘ஆத்துமா மட்டும்’ பெருகிவரும் வெள்ளம் கழுத்துவரை ஏறிவிட்ட வெள்ளம் என்று புரிந்துகொண்டால், மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவன் மூச்சு அடைபடும் முன் எழுப்பும் கூக்குரலாக அந்தச் சங்கீதம் கேட்கிறது. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் உகரித் நகரத்தின் அகழாய்வு தொடங்கியது 1929-இல். ஸ்ட்ராங் 1890-ஐச் சேர்ந்தவர். இலவசமாகக் கிடைக்கும் மற்றொரு பெரிய அகராதியான பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் ஆகியோரின் தொகுப்பு 1906-ஐச் சேர்ந்தது. பழையவை என்பதால் இவை பயனற்றுப் போகவில்லை. ஆனால் உகரித்தின் களிமண் பலகைகள் தந்த வெளிச்சம் இவற்றில் இராது என்பதை அறிந்து பயன்படுத்தவேண்டும்.

வேர்ச்சொல் தேடல் இதன் அடுத்த படி. எபிரெயச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேர்களிலிருந்து கிளைப்பதால், வேரைக் கண்டுபிடித்துவிட்டால் சொல்லின் உள்ளுயிரையே கண்டுபிடித்துவிட்டோம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ‘லெஹெம்’ என்றால் அப்பம். ‘மில்ஹாமா’ என்றால் போர். இரண்டிலும் இருப்பவை லாமெத், ஹேத், மேம் என்னும் அதே மூன்று எழுத்துகள். வேரின் பொருள் ஒவ்வொரு கிளையிலும் கட்டாயம் ஓடுகிறது என்று கொண்டால், பெத்லகேமை ‘அப்பத்தின் வீடு’ என்று சொல்லும் அதே உறுதியோடு ‘போரின் வீடு’ என்றும் சொல்லிவிட முடியும். போதாததற்கு, அரபியில் இதே எழுத்துகள் கொண்ட ‘லஹ்ம்’ இறைச்சியைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார் 1961-இல் இந்த வேர்மயக்கத்தை விரிவாக எடுத்துக்காட்டி, சொல்லின் பொருளை அது வழங்கும் வாக்கியத்திலேயே தேடவேண்டும் என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்த அறிஞர்கள் இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மேடைகளுக்கு மட்டும் அது இன்னும் வந்துசேரவில்லை.

எழுத்துப் பட முறைக்கு நான் அதிக இடம் கொடுக்கப்போவதில்லை. ஆலெப் என்பது எருது, அதாவது பலம். பேத் என்பது வீடு. ஆகவே ‘ஆப்’, அதாவது தகப்பன், வீட்டின் பலம் என்று அம்முறை விளக்குகிறது. கேட்க இனிமையான விளக்கம். எழுத்துகள் படங்களிலிருந்து வந்தன என்பதும் உண்மை: சினாய் தீபகற்பத்தின் செராபித் எல்-காதிமில் பிளின்டர்ஸ் பெட்ரி 1905-இல் கண்டெடுத்த கல்வெட்டுகளை ஆலன் கார்டினர் 1916-இல் வாசிக்க முற்பட்டபோது, ஒவ்வொரு படமும் தன் பெயரின் முதல் ஒலிக்காக நிற்கிறது என்பது தெளிவாயிற்று. அதாவது எருதின் தலை அங்கே எருதையோ பலத்தையோ குறிக்கவில்லை. ஓர் ஒலியை மட்டுமே குறித்தது. மேலும், தகப்பனை அக்காடியத்தில் ‘அபு’ என்றார்கள், அரபியில் ‘அப்’ என்கிறார்கள். ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அக்காடியச் சொல்லுக்குள் இந்த எருதும் இந்த வீடும் எங்கிருந்து வரும்? பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிட்ட சொல் எழுத்து பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. இம்முறையில் எந்தச் சொல்லுக்கும் நல்ல பொருளொன்றைக் கட்டிவிடலாம், எந்த வசனமும் குறுக்கே வந்து மறுக்காது. அதனாலேயே இதை வகுப்பில் பயன்படுத்தவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கெமத்ரியாவை அப்படித் தள்ளிவிட இயலாது. அது யூத மரபில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு கலை. 22 எழுத்துகளில் ஆலெப் முதல் யோத் வரை 1 முதல் 10, பிறகு பத்துகள், கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400 என்று மதிப்புகள் அமைகின்றன. எபிரெய நாட்காட்டியில் தேதிகள் இன்றும் இவ்வெழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. 15-ஐ 10+5 என்று எழுதினால் கர்த்தரின் நாமத்தின் எழுத்துகள் வந்துவிடும் என்பதால் 9+6 என்று எழுதுகிறார்கள். ‘ஹாய்’, அதாவது உயிருள்ள, என்ற சொல் 8+10 ஆக 18 வருவதால், யூதர் நன்கொடைகளை 18-இன் மடங்குகளாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஒரு சமூகம் தன் எழுத்தோடு இத்தனை அன்போடு வாழ்கிறது என்பதை மதிக்கவேண்டும்.

ஆனால் வேதத்தின் பொருளை நிறுவும் வழியாக அதை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதியாகமம் 14:14 சிறந்த சான்று. லோத்தை மீட்க ஆபிராம் தன் வீட்டில் பிறந்த 318 பேரை நடத்திக்கொண்டு போகிறான். யூத ரபீக்களின் பெருந்தொகுப்பாகிய தல்மூத்தில் ஒரு கருத்து, போனவன் எலியேசர் ஒருவனே என்கிறது. ஏனெனில் எலியேசர் என்ற பெயரின் எழுத்துகள் 1+30+10+70+7+200 ஆகக் கூடி 318 ஆகின்றன. 11-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷியும் இதை எடுத்தாளுகிறார். பர்னபா நிருபம் என்னும் பழைய கிறிஸ்தவ நூலோ அதே 318-ஐக் கிரேக்க எழுத்துகளால் வாசித்து, 300-ஐக் குறிக்கும் ‘டௌ’ (T) எழுத்தின் வடிவில் சிலுவையையும், 10, 8 ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளில் இயேசுவின் பெயர்த் தொடக்கத்தையும் காண்கிறது. ஒரே எண் ஒருவருக்கு எலியேசரையும் மற்றவருக்குச் சிலுவையையும் தருகிறது. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அந்த வசனத்தில் எதுவுமே இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் பெரும் இலக்கண அறிஞரான இப்னு எஸ்ரா இதே இடத்துக்கு எழுதிய உரையில், வேதம் கெமத்ரியாவில் பேசுவதில்லை என்றும், விரும்புகிறவன் எந்தப் பெயரையும் நன்மைக்கோ தீமைக்கோ திருப்பிவிடலாம் என்றும் கறாராகச் சொல்கிறார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை ஒரே கூட்டலில் பார்க்கலாம்: சர்ப்பத்தைக் குறிக்கும் ‘நாஹாஷ்’ 50+8+300 ஆக 358, மேசியாவைக் குறிக்கும் ‘மாஷியாஹ்’ 40+300+10+8 ஆக அதுவும் 358.

எழுத்துக்கூட்டல் மாறினால் கூட்டுத்தொகையும் மாறும் என்பது இன்னொரு சிக்கல். மத்தேயு 1:17-இல் மும்முறை வரும் பதினாலு தலைமுறைகள், 4+6+4 ஆகிய தாவீதின் பெயரைச் சுட்டுகின்றன என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர். எனக்கும் அது ஏற்புடையதாகவே படுகிறது. ஆனால் நாளாகமம், எஸ்றா, நெகேமியா போன்ற பிந்திய நூல்களில் தாவீதின் பெயர் நடுவில் ஒரு யோத் சேர்த்து எழுதப்படுகிறது. அங்கே கூட்டினால் 24 வரும்.

ரபீக்களே இதற்கு ஓர் இடத்தை வகுத்திருக்கிறார்கள். தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்னும் தொகுப்பில், பிதாக்களின் வாக்கியங்கள் என்னும் பகுதியின் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வாக்கியம், கெமத்ரியாவை ஞானத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சுவைப்பண்டம் என்று வர்ணிக்கிறது. இதைவிடத் துல்லியமான மதிப்பீட்டை நான் கண்டதில்லை. 613 கட்டளைகள் என்ற எண்ணுக்குத் தல்மூத் தரும் விளக்கம் இதற்குப் பொருந்தும் உதாரணம்: ‘தோரா’, அதாவது மோசேயின் நியாயப்பிரமாணம், 400+6+200+5 ஆக 611, அவற்றோடு இஸ்ரவேலர் கடவுளிடமிருந்து நேரடியாகக் கேட்ட இரண்டு கட்டளைகளைச் சேர்த்தால் 613. நினைவில் பதிந்துவிடும் அழகான கணக்கு.

எழுத்து விளையாட்டு வேதத்துக்குள்ளேயே நிகழும் இடமும் உண்டு. எரேமியா 25:26-இல் வரும் ‘சேசாக்கு’ எந்த நாடு என்று வாசகர் திகைக்கலாம். முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்தையும் இரண்டாம் எழுத்துக்குக் கடைசிக்கு முந்திய எழுத்தையும் மாற்றி வைக்கும் ‘அத்பாஷ்’ முறையில் பேத், பேத், லாமெத் என்பது ஷின், ஷின், காஃப் ஆகிறது. பாபேல் சேசாக்கு ஆகிறது. இதை நாம் நம்புவது கணக்கு பொருந்துகிறது என்பதற்காக மட்டுமன்று. எரேமியா 51:41 சேசாக்கையும் பாபிலோனையும் ஒரே வசனத்தில் இணையாக நிறுத்தி, இரண்டும் ஒன்றே என்று தானே காட்டிவிடுகிறது. வேதப்பகுதி ‘ஆம்’ என்று சொல்வது எப்படியிருக்கும் என்பதற்கு இது மாதிரி.

எழுத்துகளைச் சம இடைவெளியில் தாண்டித் தாண்டி வாசித்து மறைசெய்தி தேடும் ‘பைபிள் கோடு’ முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1994-இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் வெளியான கட்டுரை அதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. 1999-இல் அதே இதழில் பிரெண்டன் மக்கேயும் மூன்று சக ஆய்வாளர்களும் அதன் அடிப்படையைத் தகர்த்துவிட்டார்கள். எபிரெயத்தில் ஒரே சொல்லை ஓர் எழுத்துக் கூட்டியும் குறைத்தும் எழுதும் வழக்கம் கைப்பிரதிக்குக் கைப்பிரதி வேறுபடும் நிலையில், ஓரெழுத்துப் பிசகினாலும் குலைந்துபோகும் ஒரு முறைமீது விசுவாசத்தைக் கட்டுவது ஆபத்தானது.

அடுத்தது எண் பட்டியல்கள். தமிழ்ச் சபைகளில் அதிகம் புழங்குவது இதுவே என்பதால் நின்று பார்க்கவேண்டும். ஈ. டபிள்யூ. புல்லிங்கர் 1894-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ‘ஷெவா’ நிறைவைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது என்று அவர் விளக்குகிறார். தாகம் தீர, பசி தீர நிறைவது எபிரெயத்தில் ‘ஸவா’. அதன் முதல் எழுத்து ஸின். ஏழின் முதல் எழுத்து ஷின். புள்ளியிடாத எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம். ஒலியும் வரலாறும் வேறு. தமிழில் எழுதும்போது ஏழும் ஓய்வுநாளும் ஒரே வேர் என்று சொல்லிவிடுவதும் இப்படித்தான்: ஷெவா அயினில் முடிகிறது, ஷபாத் தாவில் முடிகிறது. ஏழாம் நாளுக்கும் ஓய்வுக்கும் உள்ள உறவை வேதம் தன் கதையால் நிறுவுகிறது. அதற்கு வேர்ச்சொல்லின் ஒத்தாசை தேவைப்படவில்லை.

நாற்பது சோதனையின் எண் என்கிறார்கள். ஜலப்பிரளயத்தில் 40 நாள் மழை, சீனாயில் மோசேயின் 40 நாள், வனாந்தரத்தில் 40 வருஷம், ஓரேபுக்குப் போன எலியாவின் 40 நாள் என்று சான்றுகள் திரள்கின்றன. ஆனால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் தேசம் 40 வருஷம் அமைதலாயிருந்தது என்று 3:11, 5:31, 8:28 ஆகிய மூன்று இடங்களில் வாசிக்கிறோம். தாவீதும் சாலொமோனும் 40 வருஷம் அரசாண்டார்கள். ஈசாக்கு ரெபெக்காளை விவாகம்பண்ணியபோது அவனுக்கு 40 வயது. பட்டியலை மட்டும் கையில் வைத்திருப்பவர் இவ்வசனங்களைப் பார்ப்பதில்லை. பார்த்தால், நாற்பது என்பது ஒரு முழுக் காலகட்டத்தின் அல்லது ஒரு தலைமுறையின் அளவு, அதில் சோதனையும் அடங்கலாம் இளைப்பாறுதலும் அடங்கலாம் என்ற பரந்த பொருளுக்கு வந்துசேர்வார். இந்த வழியின் நல்ல அம்சம் இதுதான்: ஒத்தவாக்கியத்தைத் திறக்கும் பொறுமை இருந்தால், வேதம் மறுத்துப் பேச இடம் கிடைக்கிறது.

அந்தப் பொறுமையோடு பாடபேதங்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். நினிவே கவிழ்க்கப்பட இன்னும் எத்தனை நாள் என்றால் எபிரெய யோனா 3:4 நாற்பது என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்த் மூன்று என்கிறது. நோவாவின் தகப்பன் லாமேக்கு நம் வேதாகமத்தில் 777 வருஷம் உயிரோடிருந்தான். கிரேக்கத்தில் 753, சமாரியரின் தோராவில் 653. எகிப்துக்குப் போன யாக்கோபின் வம்சத்தார் எபிரெயத்தில் 70 பேர். கிரேக்கத்திலும் சவக்கடலருகே கும்ரானில் கிடைத்த ஒரு யாத்திராகமச் சுருளிலும் 75 பேர். எண்ணின்மேல் ஒரு போதனையைக் கட்டுவதற்கு முன் அந்த எண் எல்லாப் பழம்பிரதிகளிலும் நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எழுபது, எழுநூற்று எழுபத்தேழு போன்ற எண்கள் எபிரெய மரபுக்கு எவ்வளவு பிரியமானவை என்பதையும் இந்த வேறுபாடுகளே உணர்த்துகின்றன.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் வழி. எண்ணைத் தனியே பிடுங்கி எடுக்காமல், அது அந்தப் பகுதியின் கட்டமைப்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது அது. எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த உம்பெர்த்தோ கசுத்தோ ஆதியாகமத்தின் முதல் பகுதியில் இதைச் செய்து காட்டினார். எபிரெயத்தில் முதல் வசனம் 7 சொற்கள், இரண்டாம் வசனம் 14 சொற்கள். ஏழாம் நாள்வரை நீளும் அந்தப் பகுதியில் ‘எலோஹீம்’ 35 முறையும் பூமி என்னும் சொல் 21 முறையும் வருகின்றன. ‘நல்லது’ என்பது 7 முறை. அவற்றில் ஏழாவது ‘மிகவும் நன்றாயிருந்தது’. இரண்டாம் நாளில் அந்தச் சொல்லே இல்லை, மூன்றாம் நாளில் இரண்டு முறை உண்டு. செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் நாளிலும் ஒரு ‘நல்லது’ சேர்த்து நாள்களைச் சீராக்கிவிட, எண்ணிக்கை எட்டாகிறது. விரலால் தொட்டு எண்ணிப் பார்க்கக்கூடிய, பொய்யாக இருந்தால் உடனே அகப்பட்டுவிடக்கூடிய சான்று இது. ஏழு நாளின் கதை ஏழால் நெய்யப்பட்டிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

கவிதையில் எண் வேறு வேலை செய்கிறது. ‘மூன்று பாதகங்களினிமித்தமும் நாலு பாதகங்களினிமித்தமும்’ என்று ஆமோஸ் தொடங்கினாலும், தமஸ்குவின் பாதகமாக ஒன்றைத்தான் சொல்கிறான். ஆறு என்று தொடங்கி ஏழு என்று ஏறும் நீதிமொழிகள் 6:16-உம் இந்த வார்ப்பில் அமைந்ததே. பாகால் வெறுக்கும் விருந்துகள் இரண்டு, ஆம், மூன்று என்னும் பாணியில் உகரித்தியப் பாடலும் பேசுகிறது. இது கானான் நிலத்துக் கவிமரபின் அடுக்கு. இங்கே மூன்றும் நான்கும் எதைக் குறிக்கின்றன என்று பட்டியலில் தேடுவது வீண்வேலை.

சொல்லும் எண்ணும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் இடம் எண்ணாகமம். யுத்தத்துக்குப் புறப்படத்தக்க புருஷர் 603,550 பேர் என்று 1:46 சொல்கிறது. இத்தனை பெரிய எண் வரலாற்றோடு பொருந்துமா என்று தயங்கிய பெட்ரியும், பிறகு 1958-இல் ஜார்ஜ் மெண்டன்ஹாலும் ‘எலெஃப்’ என்ற சொல்லைக் கவனித்தார்கள். அது ஆயிரத்தையும் குறிக்கும், குலப்பிரிவையும் குறிக்கும். நம் தமிழ் வேதாகமமே நியாயாதிபதிகள் 6:15-இல் கிதியோனின் எலெஃபைக் ‘குடும்பம்’ என்றும், மீகா 5:2-இல் யூதாவின் எலெஃபுகளை ‘ஆயிரங்கள்’ என்றும் பெயர்க்கிறது. அப்படியானால் ரூபன் கோத்திரத்தின் 46,500 என்பது 46 படைப்பிரிவுகளில் 500 பேர் ஆகலாம். மொத்தம் 598 பிரிவுகள், 5,550 பேர். கவர்ச்சியான தீர்வு, முற்றிலும் அகராதி அனுமதிக்கும் தீர்வு.

ஆனால் யாத்திராகமம் 38:25-26-ஐத் திறந்தால் தலைக்கு அரைச் சேக்கல் வரி வசூலித்த கணக்கு இருக்கிறது. 603,550 பேர் கொடுத்தால் 301,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல் வீதம் அது 100 தாலந்தும் 1,775 சேக்கலும் ஆகும். வசனத்தில் அச்சடித்தாற்போல அந்தத் தொகையே நிற்கிறது. ஆகவே, மூலப் பட்டியல் ஒரு காலத்தில் எப்படி இருந்திருந்தாலும், இன்று நம் கையில் இருக்கும் நூலை எழுதியவர் எலெஃபை ஆயிரம் என்றே எண்ணினார். அகராதி திறந்துவைத்த கதவைச் சூழல் சாத்துகிறது. இப்படி மறுப்பைக் கேட்கும் வாய்ப்பு கெமத்ரியாவிலோ எழுத்துப் படத்திலோ ஒருபோதும் கிடைப்பதில்லை.

தமிழராகிய நமக்கு இதில் ஒரு தனிப்பட்ட சோதனையும் உண்டு. 1 இராஜாக்கள் 10:22-இல் தர்ஷீசின் கப்பல்கள் சாலொமோனுக்குக் கொண்டுவந்த பொருள்களில் ‘துக்கிய்யீம்’ என்று ஒன்று வருகிறது. லத்தீன் வேதாகமம் மயில்கள் என்றது, தமிழும் அப்படியே. கால்டுவெல் அதைத் தோகை என்னும் சொல்லோடு இணைத்தார். மயில் இந்திய நிலத்துப் பறவை என்பதால் ஊகத்துக்கு வலு இருக்கிறது, நம் நெஞ்சும் அதை விரும்புகிறது. எனினும் அச்சொல் இங்கும் இதன் இணைப்பகுதியாகிய 2 நாளாகமம் 9:21-இலும் தவிர வேறெங்கும் வருவதில்லை. செப்துவஜிந்தின் இராஜாக்கள் பகுதி அவ்விடத்தில் செதுக்கிய கற்களைச் சொல்கிறது. அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் ஆல்பிரைட் எகிப்தியச் சொல்லொன்றைக் காட்டி அது ஒருவகைக் குரங்கு என்றார். நம் மொழிக்குப் பெருமை தரும் விளக்கம் என்பதாலேயே இங்கே ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு நின்றுகொள்ளும் ஒழுக்கம் நமக்குத் தேவை.

ஆகவே, நேரம் குறைவாக உள்ள ஒருவருக்கு என் பரிந்துரை இது. ஸ்ட்ராங் எண்ணை வசனங்களைக் கண்டுபிடிக்கும் சுட்டியாக வைத்துக்கொண்டு, பொருளுக்கு அந்த வசனங்களையே வாசியுங்கள். கிடைத்தால் புதிய அகராதியொன்றையும் துணைக்கு வையுங்கள். எண் பட்டியலை வசனங்கள் சேகரிக்க மட்டும் பயன்படுத்தி, பட்டியலுக்கு ஒத்துவராத இடங்களை முதலில் தேடுங்கள். கெமத்ரியாவை யூத மரபைக் கற்பிக்கும்போது அந்த மரபின் பெயராலேயே சொல்லுங்கள். முழு எபிரெய இலக்கணம் கற்க இயலாதவரும் 22 எழுத்துகளையும் ஸின், ஷின் புள்ளியையும் மட்டுமாவது கற்றுக்கொண்டால், மேலே சொன்ன கூட்டல்களையும் வேர்க் குழப்பங்களையும் தாமே சரிபார்க்க முடியும்.

முதல் பயிற்சிக்கு ஆதியாகமம் 21:22-34 மிகப் பொருத்தமானது. ஆபிரகாமும் அபிமெலேக்கும் ஒரு துரவுக்காக உடன்படிக்கை செய்யும் அப்பகுதியில், ஏழு பெண்ணாட்டுக்குட்டிகள் 28, 29, 30 ஆகிய வசனங்களில் மும்முறை சொல்லப்படுகின்றன. ஆணையிடுதல் 23, 24, 31 ஆகியவற்றில் மும்முறை. பெயெர்செபா என்ற ஊர்ப்பெயர் 31, 32, 33 ஆகியவற்றில் மும்முறை. மூன்றுக்கும் ஷின், பேத், அயின் என்ற அதே எழுத்துகள். ஊரின் பெயருக்குக் காரணம் ஏழா, ஆணையா என்று வகுப்பில் கேளுங்கள். 31-ஆம் வசனம் ஆணையைக் காரணமாகச் சொல்வதையும், அதற்கு முன்பே ஏழு குட்டிகள் தனியே நிறுத்தப்பட்டிருப்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு 26:33-இல் ஈசாக்கு ஒரு துரவுக்குப் பேரிட, அதைக் கொண்டு அதே ஊர்ப்பெயர் மறுபடியும் விளக்கப்படும் இடத்துக்குக் கூட்டிச்செல்லுங்கள்.